மும்மொழி வேலைக்கு எழுத்துரு தெரிவு செய்யும் முறை

கொழும்பில் டிசைன் பழகத் தொடங்குபவருக்கு முதலில் கிடைக்கும் வேலை கடைப் பெயர்ப்பலகை, மெனு, விசிட்டிங் கார்ட் போன்ற ஏதாவது ஒன்றாக இருக்கும். அது அநேகமாக மூன்று மொழியிலும் இருக்கும். ஆங்கிலத்துக்கு அழகான எழுத்துருவை முதலில் எடுத்துவிட்டு, சிங்களத்துக்கும் தமிழுக்கும் கணினியில் கிடக்கிற எதையாவது போட்டு நிரப்புவதுதான் இங்கே அதிகம் நடக்கும் பிழை. முடிவில் தமிழ் வரி மட்டும் மெலிந்தோ நசுங்கியோ, வேறொரு பலகைக்கு உரியது போல நிற்கும்.

வரிசையைத் திருப்புங்கள். தமிழும் சிங்களமும் முதலில், ஆங்கிலம் கடைசியில். தமிழிலும் சிங்களத்திலும் பல தடிப்புகளோடு ஒழுங்காகச் செய்யப்பட்ட எழுத்துருக்கள் குறைவு. ஆங்கிலத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. குறைவாக உள்ளதை முதலில் முடிவுசெய்தால் மற்றதை அதற்கு இணையாகத் தேடுவது சுலபம்.

விளக்குவதற்கு ஒரு வேலையை எடுத்துக்கொள்வோம். வெள்ளவத்தையில் காலி வீதியோரம் ஒரு சிறிய சாப்பாட்டுக்கடை. தேவை: 8 அடிக்கு 3 அடி பெயர்ப்பலகை, ஏ4 அளவில் மெனு, விசிட்டிங் கார்ட்.

முதல் வேலை: முழுச் சொற்களையும் கையில் வாங்குங்கள்

எழுத்துருப் பட்டியலைத் திறக்கும் முன் கடைக்காரரிடமிருந்து எல்லாச் சொற்களையும் மூன்று மொழியிலும் வாங்கிவிடுங்கள். கடைப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம், உணவுப் பெயர்கள், விலைகள் எல்லாம் வேண்டும். மாதிரிச் சொற்களை வைத்து எழுத்துரு தெரிந்தால், உண்மையான பெயர் வரும்போது அது இடத்துக்குள் அடங்காது. தமிழ்ச் சொற்கள் நீளமானவை. 'உணவகம்', 'மருந்தகம்' அடங்கிவிடும். 'ஆட்பதிவுத் திணைக்களம்' போன்றது ஒரு வரியில் வருமா, இரண்டு வரியாகுமா என்பதை முதலிலேயே பார்க்க வேண்டும்.

மூன்று மொழியிலும் மிக நீளமான வரி எது, எந்தெந்த அபூர்வ எழுத்துகள் வருகின்றன, இலக்கங்கள் எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். விலைப்பட்டியல் என்றால் இலக்கங்கள்தான் பாதி வேலை. பெயரில் 'ஸ்ரீ' இருந்தால் அதற்குப் பக்கத்தில் ஒரு அடையாளம் போடுங்கள். அது ஏன் என்று கீழே வரும்.

பாமினியா, யுனிகோடா

இலங்கையில் தமிழ் டைப் செய்தவர்களுக்குப் பாமினி தெரியாமல் இருக்காது. பாமினியும் அதையொத்த பழைய எழுத்துருக்களும் ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை வைத்திருப்பவை. கணினியைப் பொறுத்தவரை நீங்கள் தட்டியது ஆங்கிலம்தான். கண்ணுக்கு மட்டும் தமிழ். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் கோப்பைத் திறந்தால் 'தமிழ்' என்ற சொல் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியுமாகத் தெரியும். தமிழ் வாசிக்கத் தெரியாதவர் அச்சகத்தில் அந்தக் கோப்பைத் திறந்து, ஏதோ ஒரு எழுத்துருவை மாற்றிப் போட்டால், அர்த்தமில்லாத ஒரு வரி பலகையில் ஏறிவிடும். சிங்களத்தில் எஃப்எம் அபயா போன்ற பழைய எழுத்துருக்களுக்கும் இதே சிக்கல்தான்.

புதிய வேலை எதையும் யுனிகோடில், அதாவது ஒவ்வொரு மொழியின் எழுத்துக்கும் தனி எண் ஒதுக்கிய பொதுத் தரத்தில், செய்யுங்கள். தமிழ் எழுத்துகள் 1991இல் வந்த யுனிகோடின் முதல் பதிப்பிலேயே இடம்பெற்றவை. கணினித் தமிழுக்கான இலங்கைத் தர நிர்ணயம் எஸ்எல்எஸ் 1326 என்ற பெயரில் 2008இல் வந்தது. பழைய பக்க வடிவமைப்பு மென்பொருளான பேஜ்மேக்கர் யுனிகோட் தமிழைக் கையாளாது. 'பாமினியில் தாருங்கள்' என்று ஓர் அச்சகம் கேட்டால், எழுத்தை அனுப்பாமல் முடித்த பிடிஎஃப்பை அனுப்புவதே தீர்வு.

கடைக்காரர் தரும் பழைய மெனு பாமினியில்தான் இருக்கும். எழுத்து மாற்றி (கன்வர்ட்டர்) ஒன்றின் மூலம் யுனிகோடாக்கலாம், ஆனால் மாற்றியபின் இந்த மூன்று இடங்களையும் கட்டாயம் பாருங்கள்.

பாமினியில் 'ரி', 'ரீ', 'ர்' ஆகிய மூன்றையும் அரவையும் (ா) அதன்மேல் விசிறியையோ புள்ளியையோ சேர்த்துத் தட்டுவார்கள். மாற்றியபின் 'அவர்கள்' என்பது 'அவா்கள்' என்றும், 'கறி' சரியாக வந்து 'பூரி' மட்டும் 'பூாி' என்றும் நிற்கும். சில எழுத்துருக்களில் இது கண்ணுக்குத் தெரியாது, வேறு சிலவற்றில் புள்ளிகளாலான வட்டம் ஒன்று முளைக்கும். தேடி மாற்றும் வசதியில் 'ாி', 'ாீ', 'ா்' மூன்றையும் தேடி, முறையே 'ரி', 'ரீ', 'ர்' ஆக்குங்கள்.

அடுத்தது ஔகாரம். 'கௌரவம்' என்பதைக் 'கெ'யும் 'ள'வுமாகத் தட்டுவதும், 'ஔவை'யை 'ஒ'வும் 'ள'வுமாகத் தட்டுவதும் பரவலான பழக்கம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எழுத்து இடைவெளி கூடும்போது இரண்டாக உடையும், தேடலிலும் அகப்படாது.

மூன்றாவது, பத்திக்குள் இருந்த மின்னஞ்சல் முகவரியும் ஆங்கிலப் பெயரும். மாற்றி அவற்றையும் தமிழ் எழுத்துகளாக்கிக் குழப்பிவிடும். அவற்றைத் தனியே எடுத்து வைத்துவிட்டு மாற்றுங்கள்.

சிங்களத்தில் 'ஸ்ரீ'யை எழுத, எழுத்துகளுக்கு நடுவே கண்ணுக்குத் தெரியாத இணைப்புக் குறி ஒன்று தேவை. சில மென்பொருள்களுக்கூடாகப் பிரதி எடுத்து ஒட்டும்போது அது உதிர்ந்து, எழுத்து இரண்டாகப் பிரிந்து நிற்கும். உங்களுக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாவிட்டால் இது பிடிபடாது. ஆகவே, ஒட்டிய சிங்கள வரியை மூலத்தின் பக்கத்தில் வைத்து, வடிவத்துக்கு வடிவம் ஒப்பிடுங்கள்.

குறும்பட்டியல்

இந்தியாவில் உருவான பல நல்ல தமிழ் எழுத்துருக் குடும்பங்களில் தேவநாகரியும் தெலுங்கும் உண்டு, சிங்களம் இல்லை. அனெக், பலூ இரண்டும் அப்படித்தான். மூன்று மொழியையும் ஒரே குடும்பத்தில் தரும் எழுத்துரு வேண்டுமானால் கைக்கு முதலில் வருவது கூகுளின் நோட்டோ. நோட்டோ சான்ஸ், நோட்டோ செரிஃப் இரண்டிலும் தமிழும் சிங்களமும் 9 தடிப்புகளில் உண்டு. மருந்துக் குறிப்பு, படிவம், அறிவித்தல் போன்ற, வாசிப்பே முக்கியமான வேலைகளுக்கு இதற்குமேல் தேட வேண்டியதில்லை. எங்கும் பார்த்த முகம் என்பதுதான் இதில் குறை. கடைப்பெயருக்கு அது போதாது.

பெயருக்கும் தலைப்புக்கும் இவற்றைப் பாருங்கள். அனெக் தமிழில் தடிப்பு மட்டுமல்லாமல் அகலத்தையும் மாற்றலாம். பலூ தம்பி 2 உருண்டு திரண்டது. சாப்பாட்டுக்கடை, சிறுவர் பொருட்கள் போன்றவற்றுக்குப் பொருந்தும், ஆனால் பத்திக்கு ஆகாது. கட்டமரான் 9 தடிப்புகளில் நவீனத் தோற்றம் தரும். கவிவனாரும் பவனமும் இலங்கையைச் சேர்ந்த எழுத்துரு வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸ் செய்தவை. கவிவனார் கையெழுத்துச் சாய்வு கொண்டது, அழைப்பிதழ்த் தலைப்புக்கு நல்லது. இரண்டுக்கும் ஒரே ஒரு தடிப்புத்தான் என்பதை நினைவில் வையுங்கள். சிறிய அளவில் நீண்ட வாசிப்புக்கு முக்த மலர் 7 தடிப்புகளில் உண்டு. புத்தகப் பக்கத்துக்கு டிரோ தமிழ்.

சிங்களத்துக்குக் கொழும்பின் மூனியாக் குழு வெளியிட்ட அபய லிப்ரேயும் கெமுனு லிப்ரேயும் உண்டு. அபய லிப்ரே தடித்த, மெல்லிய கோடுகள் மாறிவரும் பழைய அச்சுத் தோற்றம் கொண்டது. அதன் பக்கத்தில் ஒரே தடிப்பில் ஓடும் அனெக்கை வைத்தால் பொருந்தாது. நோட்டோ செரிஃப் தமிழையோ டிரோவையோ வையுங்கள். சேர்மானத்தின் முதல் விதி இதுதான்: கோட்டின் தடிப்பு மாறும் எழுத்துரு அதே இனத்தோடு சேரட்டும், மாறாதது மாறாததோடு சேரட்டும்.

நம் சாப்பாட்டுக்கடைக்குப் பெயரில் அனெக் தமிழ் போல்ட், சிங்களத்துக்கு நோட்டோ சான்ஸ் சிங்களம், ஆங்கிலத்துக்கு அனெக்கின் ஆங்கில எழுத்து என்று முடிவெடுக்கலாம். மெனுவின் உணவுப் பெயர்களுக்கும் அதே குடும்பங்களின் மெல்லிய தடிப்பு போதும். நான்காவது எழுத்துரு ஒன்று உள்ளே வரத் தொடங்கினால் நிறுத்துங்கள். மூன்று எழுத்துமுறைகள் இருக்கும் பக்கத்தில் ஏற்கெனவே போதிய வேறுபாடு உண்டு.

'போல்ட்' என்ற பெயரை நம்ப வேண்டாம். ஒரு குடும்பத்தின் போல்ட் இன்னொன்றின் செமிபோல்டுக்குச் சமமாக இருக்கும். தமிழ் 'ப'வின் நேர்க்கோட்டுத் தடிப்பையும் சிங்கள எழுத்தின் மிகத் தடித்த வளைவையும் பெரிதாக்கி அளந்து, கிட்டவாக வரும் தடிப்புகளைச் சேருங்கள்.

எழுத்துச் சோதனை

குறும்பட்டியலில் உள்ள ஒவ்வொரு எழுத்துருவிலும் இந்த வரிகளைத் தட்டி, மெனுவில் வரப்போகும் அதே அளவில் தாளில் அச்சிடுங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்ப்பது சோதனையாகாது.

எடு ஏடு, ஒடு ஓடு, பெட்டி பேட்டி, கொடு கோடு, விடு வீடு, மனம் மணம், அரம் அறம்.

ஸ்ரீ, க்ஷ, ஜூ, ஹூ, ஞூ, டூ, ழூ, றூ, ணை, னை, லை, ளை, கௌ, ஔ, ஃ.

முதல் வரியின் ஒவ்வொரு இணையிலும் பொருளையே மாற்றும் வேறுபாடு ஒரு சிறு சுழியிலோ ஒரு சிறு கோட்டிலோ இருக்கிறது. 'ஏ'யின் கால், ஏகாரக் கொம்பின் மேற்சுழி, 'வீ'யின் சுழி ஆகியவை 8 புள்ளி (பொயின்ட்) அளவில் தெரிகின்றனவா? இரண்டு சுழி 'ன'வும் மூன்று சுழி 'ண'வும் பிரிந்து தெரிகின்றனவா, அல்லது மையில் நிரம்பிக் கறுப்புப் பொட்டாகிவிட்டனவா? மிகத் தடித்த எழுத்துருக்கள் பெரும்பாலும் இங்கேதான் தோற்கும்.

இரண்டாவது வரி, எழுத்துரு முழுமையாகச் செய்யப்பட்டதா என்று காட்டும். 'ஸ்ரீ'யைக் கணினியில் 'ஸ'விலிருந்து தட்டும் முறையும் உண்டு, 'ஶ'விலிருந்து தட்டும் முறையும் உண்டு. 'ஶ' யுனிகோடில் 2005இல்தான் சேர்ந்தது, ஆகவே சில எழுத்துருக்களில் ஒரு முறை சேர்ந்த வடிவம் தரும், மற்றது உடையும். பெயரில் 'ஸ்ரீ' உள்ள கடைக்கு இதைச் சோதிக்காமல் எழுத்துருவை முடிவு செய்யக் கூடாது.

இலக்கங்கள், 'ரூ.', மேற்கோள் குறி, கோடு ஆகியவற்றையும் அதே தாளில் தட்டுங்கள். சில தமிழ் எழுத்துருக்களில் இலக்கங்களே இருக்காது. மென்பொருள் சத்தமில்லாமல் வேறொன்றிலிருந்து எடுத்துப் போடும். மெனுவில் விலைகள் ஒன்றன்கீழ் ஒன்றாக வருவதால் 1இன் அகலமும் 8இன் அகலமும் சமமாக இருப்பது நல்லது. அப்படியில்லாத எழுத்துருவில் 450, 1,100, 780 என்ற நிரல் நெளியும்.

மூன்று எழுத்தையும் ஒரே உயரமாக்குதல்

மூன்று மொழிக்கும் 12 புள்ளி என்று கொடுத்தால் மூன்றும் ஒரே அளவில் தெரியாது. புள்ளி அளவு எழுத்தின் பெட்டிக்கு உரியது. பெட்டிக்குள் எழுத்து எவ்வளவு பெரிது என்பது எழுத்துருவுக்கு எழுத்துரு மாறும். தமிழ் 'ப', சிங்கள 'ப', ஆங்கிலச் சிறிய 'எக்ஸ்' மூன்றையும் ஒரே அடிக்கோட்டில் வைத்து, மேலே ஒரு வழிகாட்டிக் கோடு இழுங்கள். தமிழ் எழுத்து ஆங்கிலச் சிற்றெழுத்தைவிட உயரமாக நிற்பது வழக்கம். முதலில் தமிழை 90 வீதமாகக் குறைத்துப் பாருங்கள், பிறகு கண்ணால் திருத்துங்கள். ஆங்கிலம் முழுவதும் பேரெழுத்தாக இருந்தால் கணக்கு மாறும்: பேரெழுத்தின் உயரம் தமிழ் 'ப'வைச் சற்றே தாண்டினால் போதும்.

அரசுப் பலகைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் என்ற வரிசை வழக்கம். தனியார் கடையிலும் அதைப் பின்பற்றுவது நல்லது. 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. பலகையில் தமிழ் வரியைப் பாதி உயரத்துக்குச் சிறிதாக்குவது வாசகரை அவமதிக்கும் வேலை. தமிழ் நீளம் என்பதற்காக அதைப் பக்கவாட்டில் 80 வீதமாக நசுக்குவதும் கூடாது. நேர்க்கோடுகள் மெலியும், கிடைக்கோடுகள் தடிப்பாகவே இருக்கும், எழுத்தின் சமநிலை கெடும். ஒடுங்கிய அகலத்தில் வரைந்த எழுத்துருவை எடுங்கள். அனெக் தமிழின் அகலத்தை 75 வீதம் வரை குறைக்கலாம். நோட்டோ சான்ஸ் தமிழிலும் ஒடுங்கிய வகை உண்டு. அதுவும் போதாவிட்டால் இரண்டு வரியாக்குங்கள்.

பலகைக்கான கணக்கு: 10 அடித் தூரத்துக்கு 1 அங்குல எழுத்து உயரம் என்பது பலகைத் தொழிலில் புழங்கும் விதி. காலி வீதியின் எதிர்ப்பக்கம் ஏறத்தாழ 50 அடி என்று வைத்தால் 5 அங்குலம் வேண்டும். தமிழில் அந்த 5 அங்குலத்தை 'ப'வின் உயரமாக எடுங்கள். மேலே 'வீ'யின் சுழிக்கும் கீழே 'ழூ'வின் வாலுக்கும் இடம் வேண்டும் என்பதால் வரிக்கு 9 அங்குலம் ஒதுக்குங்கள். மூன்று வரிக்கு 27. 36 அங்குல உயரப் பலகையில் ஓரங்களுக்கு 9 மிஞ்சும். தொலைபேசி இலக்கத்தைப் பலகையில் எழுத இடமில்லை என்பது இந்தக் கணக்கிலேயே தெரிந்துவிடும்.

மெனுவில் தமிழ் 11 புள்ளி, வரி உயரம் 16 புள்ளியில் தொடங்குங்கள். ஆங்கிலத்துக்குப் போதுமான 13 புள்ளி வரி உயரத்தில், மேல் வரியின் 'ளூ' கீழ் வரியின் 'பீ'யில் இடிக்கும். விசிட்டிங் கார்டில் தமிழ் 7.5 புள்ளிக்குக் கீழே இறங்க வேண்டாம்.

மென்பொருள் அமைப்பு

தமிழைத் தட்டியதும் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றாலோ புள்ளி வட்டம் தெரிந்தாலோ எழுத்துருவைக் குறை சொல்லாதீர்கள். மென்பொருளின் வரி அமைப்பியைத்தான் (கம்போசர்) மாற்ற வேண்டும். இன்டிசைனில் பத்திப் பலகத்தின் மெனுவில் 'அடொபி வேர்ல்ட்-ரெடி பராகிராஃப் கம்போசர்' என்பதைத் தெரியுங்கள். இல்லஸ்ட்ரேட்டரில் முதலில் பிரெஃபரன்ஸஸ், டைப் பகுதியில் 'ஷோ இண்டிக் ஒப்ஷன்ஸ்' என்பதை இயக்கிவிட்டு, பத்திப் பலகத்தின் மெனுவில் தெற்காசிய கம்போசரைத் தெரியவேண்டும். பழைய போட்டோஷொப் பதிப்புகளிலும் டைப் பகுதியில் இதற்கான தெரிவு உண்டு. வேர்டில் தமிழ் தனிப் பிரிவாக, 'கொம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட்ஸ்' என்ற பெயரில் நிற்கும். எழுத்துருச் சாளரத்தில் அந்தப் பெட்டியில் மாற்றினால்தான் தமிழ் மாறும்.

எழுத்து இடைவெளியைத் தமிழில் பூச்சியமாகவே விடுங்கள். ஆங்கிலத் தலைப்புக்கு அழகு சேர்க்கும் அகன்ற இடைவெளி, தமிழில் கொம்பையும் அரவையும் அவற்றின் எழுத்திலிருந்து பிரித்துவிடும். எழுத்துருவில் போல்ட் இல்லாதபோது மென்பொருளின் 'பி' பொத்தானை அமுக்கினாலோ ஓரக்கோடு போட்டுத் தடிப்பாக்கினாலோ சுழிகள் அடைபடும். தேவையான தடிப்பு உள்ள குடும்பத்தை எடுப்பதே வழி. சாய்வெழுத்தும் இப்படித்தான், தமிழில் அழுத்தம் காட்டத் தடிப்பையோ நிறத்தையோ பயன்படுத்துங்கள். ஒடுங்கிய பத்திகளை இரு பக்கமும் சமப்படுத்த வேண்டாம். நீண்ட சொற்களுக்கு நடுவே பெரிய வெள்ளை ஓட்டைகள் விழும். இடப்பக்கம் மட்டும் சமமாக விடுங்கள்.

உரிமம்

மேலே சொன்ன நோட்டோ, அனெக், முக்த, பலூ, கவிவனார், அபய லிப்ரே போன்றவை எஸ்ஐஎல் ஓப்பன் ஃபொன்ட் உரிமத்தில் வருபவை. வியாபார வேலைக்கும் இணையத்துக்கும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருவைத் தனியாக விற்க மட்டும் முடியாது. விண்டோஸோடு வரும் நிர்மலா, லதா போன்றவற்றை எடுத்து இணையதளத்தில் ஏற்றுவதற்கு உங்களுக்கு உரிமை இல்லை. 'சொந்தப் பாவனைக்கு மட்டும்' என்று குறிப்பிட்ட எழுத்துருவைக் கடைப் பலகைக்கு எடுக்காதீர்கள். உரிமக் கோப்பை வேலையின் கோப்புறையிலேயே போட்டு வையுங்கள்.

அச்சகத்துக்கு அனுப்புமுன்

ஒவ்வொரு மொழியையும் அதை அன்றாடம் வாசிக்கும் ஒருவர் தாளில் திருத்தட்டும். திருத்தம் முடிந்தபின்தான் எழுத்துகளைக் கோடுகளாக (அவுட்லைன்) மாற்றுங்கள். முதலிலேயே மாற்றிவிட்டால் ஒரு புள்ளி விடுபட்டதைக்கூடத் திரும்பத் தட்ட முடியாது. திருத்தக்கூடிய பிரதியை வேறு பெயரில் சேமித்து, எழுத்துருக் கோப்புகளோடு வைத்துக்கொள்ளுங்கள். அச்சகத்துக்குக் கோடாக்கிய பிடிஎஃப் மட்டும் போதும்.

மெனுவில் சிறிய எழுத்துகளைத் தனிக் கறுப்பில் விடுங்கள். நான்கு நிறம் கலந்த கறுப்பில் அச்சுத் தட்டுகள் இம்மியளவு விலகினாலும் 'ண'வின் சுழிக்குள் நிறம் வழியும். கருநிறப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் மை உள்ளே பரவி எழுத்து மெலியும், ஆகவே ஒரு தடிப்பு கூட எடுங்கள்: ரெகுலர் இருந்த இடத்தில் மீடியம்.

பலகையின் எழுத்தை வைனைல் ஸ்டிக்கராக வெட்டுவதானால் இன்னொரு சிக்கல் உண்டு. தடிப்பும் அகலமும் மாற்றக்கூடிய வேரியபிள் எழுத்துருக்களில் ஓர் எழுத்தின் பகுதிகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும். திரையிலும் அச்சிலும் தெரியாது. வெட்டும் இயந்திரமோ ஒவ்வொரு கோட்டிலும் கத்தியை ஓட்டும். 'கூ'வின் வால் சேரும் இடத்தில் வெட்டு விழுந்து, ஒட்டும்போது துண்டாகக் கழன்று வரும். கோடாக்கியபின் எல்லா எழுத்தையும் தெரிவுசெய்து, இல்லஸ்ட்ரேட்டரின் பாத்ஃபைண்டரில் 'யுனைட்' கொடுத்து ஒன்றாக்குங்கள். பிறகு அவுட்லைன் பார்வைக்கு மாற்றி, எந்த எழுத்துக்குள்ளும் குறுக்குக் கோடு மிஞ்சவில்லை என்று பார்த்துவிட்டுக் கோப்பை அனுப்புங்கள்.